மற்றும் பலர்

ஜூன் 3

ஆம்ப்ளிஃபையர் ஒன்று உயிரை விட்டது. நேற்றுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா, பாடியே தீருவேன் என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் பெட்டியிலிருந்து புகை. பெட்டிக்கு இருக்கிற ரசனை மனுஷனுக்கு இல்லை. இன்று முழுக்க அதன் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து நகராட்சித் தலைவரின் உதவியாளர் கடைக்கு வந்தார். வீரர் நினைவு நாளுக்கு மைக் செட் சொல்ல வந்திருப்பார் என்று நினைத்தேன். வருஷா வருஷம் நான்தான் போடுகிறேன். இந்தத் தடவை மைக் மட்டும் போதாதாம், மைக்கின் முதலாளியும் மேடையில் உட்கார வேண்டுமாம். சண்டையில் இறந்த சிப்பாய்களோடு, பணியில் இறந்த போலீஸ்காரர்களையும் அன்றைக்கே கௌரவிப்பது என்று தலைவர் முடிவு செய்திருக்கிறார். இந்த ஊரில் அப்படி யார் என்று தேடினால் என் மூத்த பிள்ளை, பெரியவன், ஒருவன்தான்.

"தலைவரே உங்க பேரைச் சொன்னாருங்க" என்றார். என் பேர் எதற்கு? செத்தது நானா?

ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஜூன் 4

பொண்டாட்டியிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "பேரை முழுசாக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

அந்த விழாவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பட்டாளத்தில் காலையில் ஆஜர் எடுப்பது போலவே, இறந்தவன் பேரை உரக்கக் கூப்பிடுவார்கள். அவன் வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து நின்று "உள்ளேன்" என்பார். அம்மாவோ, பொண்டாட்டியோ, யாரோ. எல்லாப் பேரும் முடிந்தபின் இரண்டு நிமிஷம் மௌனம். அந்த மௌனம் என் பொறுப்பு. ஜெனரேட்டரை நிறுத்தாவிட்டால் மௌனம் மாவு மில் மாதிரி இருக்கும். ஊரில் சத்தத்தை வாடகைக்கு விடுகிறவன் அன்றைக்கு மட்டும் அமைதியை வாடகைக்கு விடுவான். அந்த ஜோக்கை வருஷா வருஷம் சொல்வேன். வருஷா வருஷம் நான் மட்டும் சிரிப்பேன்.

போன பனிக்காலத்தில் இந்த டைரியில் ஒரு வாரம் வெறும் தாள். எழுதவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன்: விடியற்காலை, புறவழிச்சாலைச் சோதனைச் சாவடி, பனி மூட்டம், நிற்காத லாரி. பெரியவன் கான்ஸ்டபிள். அவ்வளவுதான். மறுபடி எழுத மாட்டேன்.

ஜூன் 9

துணி காயப்போடப் போனவள் கொல்லைப்புறத்திலிருந்து வரவே இல்லை. எட்டிப் பார்த்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று "உள்ளேன்" என்றாள். சரியில்லை போலிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக.

நான் சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 15

பெரியவன் வேலை பார்த்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். காரியத்தன்று வந்தவர், இன்றைக்குத்தான் மறுபடி. பெரியவன் போட்டோவுக்கு நேர் கீழே உட்கார்ந்து டீ குடித்தார். என்னை ஐயா என்றார். இந்த மனிதரிடம் பாக்கியிருந்த சான்றிதழுக்காக நான் எத்தனை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அப்போதெல்லாம் "யோவ், ஓரமா நில்லு". இப்போது ஐயா. எனக்கு உடனே முதுகு நிமிர்ந்துவிட்டது. முதுகுக்கு வெட்கம் கிடையாது.

மேடையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். "அவனே ஆர்வத்துல, யாரும் சொல்லாமலே, ரோட்டு நடுவுல பாஞ்சு லாரியை மறிச்சான்னு ஒரு வரி சேத்துக்குங்க ஐயா. கேக்கறவங்களுக்குப் புல்லரிக்கும்."

எனக்கே புல்லரித்தது. வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

ஜூன் 18

அசிங்கம். எழுதவே கை கூசுகிறது.

மைக் இல்லாமல் எனக்குப் பேச வராது. வெறும் வாயால் பேசினால் என் குரல் எனக்கே வேற்று ஆள் மாதிரி இருக்கும். அதனால் கடையில் மைக்கைப் பிடித்து ஒத்திகை பார்த்தேன். "என் மகன், யாரும் சொல்லாமலே, தானே ரோட்டு நடுவில் பாய்ந்து..." ஏற்ற இறக்கத்தோடு. மூன்று தடவை. மூன்றாவது தடவை அழுகை கூடச் சேர்த்தேன்.

நாளைய வேலைக்காகக் காலையில் ஜன்னலுக்கு வெளியே இரண்டு குழாய் ஸ்பீக்கரை மாட்டிச் சோதித்துப் பார்த்தேன். அதைக் கழற்றவில்லை. தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. எதிர்க்கடை சலூனில் பாதிச் சவரத்தோடு ஒருவர் வெளியே வந்து நின்றார், முகத்தில் நுரையும் கண்ணில் தண்ணீருமாக.

சின்னவள் காலேஜிலிருந்து வந்துகொண்டிருந்தவள், தெருமுனையிலிருந்தே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியபடி ஒயரைப் பிடுங்கினாள். நர்ஸிங் படிக்கிறாள், எதைப் பிடுங்க வேண்டும் என்று தெரியும்.

"அப்பா, அண்ணன் தானா போயி விழுந்தான்னு நீங்களே ஊருக்கு அறிவிப்பு குடுக்கறீங்களா?"

எனக்கு முதலில் புரியவே இல்லை.

ஜூன் 19

சாயங்காலம் ஒல்லி வந்தான். பெரியவனோடு அதே சாவடியில் நின்ற பையன். எங்கள் தெருவுக்குப் பின்தெருதான். நேற்று அவன் காதிலும் விழுந்திருக்கிறது. ரொம்ப நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் சொன்னதை அப்படியே வைக்கிறேன். சாவடியில் நாலு பேர். இருட்டில் மின்னுகிற ஜாக்கெட் ஒன்றே ஒன்று. அதை முறை போட்டு மாட்டிக்கொள்வார்களாம். அன்றைக்கு அது ஒல்லியின் முறை. லாரியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வயர்லெஸ்ஸில் வந்தது, அதனால்தான் பெரியவன் ரோட்டில் இறங்கினான். யாரும் சொல்லாமல் பாயவில்லை. லாரிக்காரனுக்கு ஆள் நிற்பதே தெரியவில்லை.

இப்போது துறைக்குள் விசாரணை நடக்கிறது. உத்தரவு போட்டு இறக்கினார்கள் என்றால், ஜாக்கெட் ஏன் இல்லை என்று கேட்பார்கள். அவனாகவே ஆர்வக்கோளாறில் ஓடினான் என்றால் கேள்வியே இல்லை. பெத்த அப்பனே மேடையில் சொன்னான் என்றால் கோப்பை மூடிக் கட்டிவிடலாம்.

"நான் மாட்டியிருந்தேன்பா" என்றான் ஒல்லி. "அவன் கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 20

ஐயா. ஐயா. ஐயா. அந்த டீ டம்ளரை மூன்று தடவை கழுவிவிட்டேன், இன்னும் என்னவோ போலிருக்கிறது.

ஜூன் 27

நகராட்சி ஹாலில் விழாக் குழுக் கூட்டம். போலீஸைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேச. மைக் நான்தான் போட்டேன். தலைவர், இன்ஸ்பெக்டர், பழைய ராணுவத்தார் சங்கத்து கேப்டன், இறந்தவர்கள் வீட்டு ஆட்கள். நான் சத்தம் ஏற்றி இறக்குகிற மிக்ஸருக்குப் பின்னால்.

கேப்டன் எழுந்தார். மீசைக்கே தனி நாற்காலி போடலாம். போலீஸ்காரர்களுக்கென்று தனி நினைவு நாள் ஒன்று இருக்கிறதே என்றார். அதற்கு இந்தத் தலைவர் ஒரு தடவையாவது போயிருக்கிறாரா? அங்கே டி.வி. வராது, அதனால் கூட்டம் வராது. அங்கே கூட்டம் இல்லை என்பதற்காக எங்கள் பந்தியில் இலை போடுவீர்களா? நியாயமான கேள்வி. எனக்கே கை தட்டத் தோன்றியது.

பின்வரிசையில் யாரோ, "அவனாவது எல்லையில நிக்கறான். இவனுங்க ஹெல்மெட் போடலைன்னு எங்கிட்ட கை நீட்டறானுங்க" என்றான். சிரிப்பு. எனக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவனுக்கு அப்பாவாக இல்லாமல் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நானும் கொடுத்திருக்கிறேனே, லோடு வண்டிக்கு.

அப்புறம் ஆரம்பித்தது பேரம். எந்தச் சாவு சேர்த்தி, எந்தச் சாவு சேர்த்தியில்லை. குண்டு பட்டுச் செத்தால் சரி. ரவுடி வெட்டிச் செத்தால் யோசிக்கலாம். வண்டி மோதிச் செத்தால் அது விபத்து, அதெல்லாம் எப்படி வீரச் சாவு ஆகும்? சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது போல, ஒவ்வொருத்தன் பிள்ளையையும் ஒடித்துப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன்? மைக்கைப் பிடித்தேன். "லாரிக்காரன் வேணும்னேதான் ஏத்தினான்" என்றேன். அது பொய். அவனுக்கு ஆள் நிற்பதே தெரியவில்லை என்று ஒல்லி சொன்னது காதில் இருக்கிறது, ஆனாலும் சொன்னேன். என் காய் முற்றல் இல்லை, பிஞ்சுதான் சார், எடுத்துக்கோங்க. தூ.

அதற்குப் பிறகுதான் டீச்சரம்மா எழுந்தார். என் சின்னவளுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர். வருஷா வருஷம் முதல் பேர் அவர் மகன் பேர்தான். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை.

"என் பையன் குண்டு பட்டுச் சாகல. ஜீப்பு கவுந்து செத்தான். இத்தனை வருஷமா நீங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப அவனை எந்தப் பக்கம் வைக்கறீங்க?"

கேப்டன் உட்கார்ந்துவிட்டார். டீச்சரம்மா தலைவர் பக்கம் திரும்பி, சேர்ப்பதில் தனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் எதற்காக இந்த வருஷம் சேர்க்கிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றார். தலைவர் "நல்ல கேள்விம்மா" என்று சொல்லி வாட்சைப் பார்த்தார்.

கடைசியில் சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. பெரியவன் பேர் உண்டு. வெளியே போகும்போது இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டி, "அந்த வரி ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

ஜூலை 2

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். பேரைக் கூப்பிடுங்கள், அவன் அம்மா பதில் சொல்வாள், நான் அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்றேன். விசாரணையில் ஜாக்கெட் விஷயத்தையும் சொல்லப் போகிறேன் என்றேன். குரல் வேற்று ஆள் மாதிரி இருந்தது. கையில் மைக் இல்லை.

ஐயா உடனே காணாமல் போய்விட்டது.

"அப்ப விசாரணை முடியட்டும். முடியாத கேஸ்ல இருக்கறவன் பேரை எப்படி மேடையில கூப்பிடறது? அடுத்த வருஷம் பாப்போம். நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா."

இத்தனை நாள் முடியாத கேஸ் இல்லையா அது?

ஜூலை 3

அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? எப்படிச் சொல்லாமல் இருப்பது?

தட்டை நங்கென்று வைத்தாள்.

"ஒரு வரிதானே. சொல்லிட்டுப் போனா என்ன? ஊரெல்லாம் கேக்க ஒரு தடவை எம்புள்ள பேரைக் கூப்பிடுவாங்க. நான் இருக்கேன்னு சொல்லுவேன். அதுகூட வேணாங்கறீங்களா?"

நான் சொன்னேன், அந்த வரியைச் சொன்னால் நம்ம புள்ள முட்டாப்பயன்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும்டி, அவன் உத்தரவுக்குத்தான் இறங்கினான்டி. அவள் சொன்னாள், எப்படி இறங்கினா என்ன, திரும்பி ஏறலையே. அப்புறம் நான் என்னென்னவோ கத்தினேன். அவளும் கத்தினாள். சின்னவள் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அவள் கேட்பது அதிகமா? இல்லையே. ரெண்டு வார்த்தைகூட இல்லை, ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைக் கொண்டுபோய் ஒரு ஜாக்கெட்டோடு சேர்த்துக் கட்டி விற்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். என்னிடம் கத்துகிறாள். நான் பக்கத்தில் இருக்கிறேன், அதனால்.

ஜூலை 8

அவளும் நானும் பேசுவதில்லை. சின்னவள் வழியாகத்தான் எல்லாம். "அப்பாகிட்ட காஸ் வரலைன்னு சொல்லு." நான் பக்கத்திலேயே நிற்கிறேன். "அப்பா, காஸ் வரலையாம்." நானும் "அம்மாகிட்ட போன் பண்ணிட்டேன்னு சொல்லு" என்றேன். சின்னவள், இரண்டு பேரும் ஆளுக்கொரு வாக்கிடாக்கி வாங்கிக்கொள்ளுங்கள், கடையில்தான் சும்மா கிடக்கிறதே என்றாள்.

ஜூலை 12

ஒல்லி வந்தான். என்னைப் பார்க்கத்தான் வந்தான், அவள்தான் பிடித்துக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டாள், பெரியவன் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்று. புதுசா ஒருத்தன் வந்திருக்கான்மா, கல்யாணம் ஆகி ஆறு மாசம்தான் என்றான். ஜாக்கெட்?

"அதே ஒண்ணுதாம்மா. கிழிஞ்சிருந்துச்சு, தைச்சிருக்கோம்."

அவள் உள்ளே போனாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவனுக்குத் தட்டு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம், அவனுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஒல்லி போனதும், நேராக என்னிடமே கேட்டாள், விசாரணை என்றைக்கு என்று. அந்தச் சண்டைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 23

விசாரணை. நீளமான மேஜை, மூன்று அதிகாரிகள், தண்ணீர் பாட்டில்கள். நான் வீட்டில் எழுதிப் பார்த்து, மனப்பாடம் செய்து, வழியெல்லாம் முணுமுணுத்து, அங்கே போய் நின்றதும் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு நின்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. எத்தனை பேர் தொண்டைக்கு நான் பெட்டி வைத்திருக்கிறேன்.

அவள்தான் பேசினாள். நாலு பேருக்கு ஒரு ஜாக்கெட் என்றாள். யார் இறங்கச் சொன்னது என்று கேட்டாள். நடுவில் இருந்த அதிகாரி, உங்கள் மகனின் தியாகத்தை இந்தத் துறை என்றைக்கும் மறக்காது என்றார்.

"மறந்துட்டுப் போங்க. அங்க இப்ப ஒரு பையன் நிக்கறான், அவனுக்குச் சட்டையைக் குடுங்க."

ஒல்லியும் உள்ளதைச் சொன்னான். வயர்லெஸ் உத்தரவையும் சொன்னான். வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தார், நாங்கள் சுவரில் ஒட்டிய பழைய போஸ்டர் என்பது போல.

பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்த்தான் இறங்கினோம். எழுப்ப மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 6

ஒல்லிக்கு மாற்றல். ரயில் ஏறிப் போகிற தூரம். தண்டனை இல்லையாம், நிர்வாகக் காரணமாம். அயோக்கியத்தனம். வேறு வார்த்தை தெரியவில்லை, படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 28

வீரர் நினைவு நாள்.

மைக் போட மாட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். டீச்சரம்மா முகம் ஞாபகம் வந்தது. அவர் பிள்ளை பேர் கரகரப்பாகக் கேட்கக் கூடாது. போட்டேன்.

வாசலில் தலைவர் படம், தென்னைமர உயரத்துக்கு. அடியில் செத்துப்போன சிப்பாய்கள், தபால்தலை அளவில். பேர்களைக் கூப்பிட்டார்கள். டீச்சரம்மா எழுந்து "உள்ளேன்" என்றார். ஒரு பாட்டி, ஒரு தம்பி, கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் ஒவ்வொரு குரலுக்கும் அளவாக ஏற்றி இறக்கிக் கொடுத்தேன். என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

பெரியவன் பேர் இல்லை என்று தெரியும். ஆனால் தலைவர் சும்மா விடவில்லை. போலீஸையும் சேர்த்தோம் என்று பேப்பரில் வந்துவிட்டதே. கடைசியில் அவரே மைக்கைப் பிடித்து, "மேலும் காவல் துறையில் தியாகம் புரிந்த மற்றும் பலர்" என்றார். கைதட்டல்.

மற்றும் பலர். சினிமா போஸ்டரில் அடியில் போடுவார்களே, ஹீரோ, ஹீரோயின், வில்லன், அப்புறம் அது. பெரியவன் பிறந்தபோது ஒரு மாதம் யோசித்து வைத்த பேர்.

அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன், கடைசி வரிசையில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை. மற்றும் பலருக்கு யார் எழுந்து பதில் சொல்வது?

ஜெனரேட்டரை நிறுத்தினேன். மௌனத்தின் நடுவில் தலைவரின் செல்போன் அடித்தது. ஏதோ குத்துப்பாட்டு.

ஆகஸ்ட் 29

ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. சேர்க்கலாமா கூடாதா? இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இது. சிப்பாயோடு போலீஸைச் சேர்த்து நினைப்பதில் தப்பில்லை. தனித்தனியாக நினைத்தாலும் தப்பில்லை. டீச்சரம்மாவும் என் பொண்டாட்டியும் ஒரே பெஞ்சில் உட்காரலாம், அவர்களுக்குள் சண்டையே இல்லை. உயிரோடு இருந்தபோது ஒரு ஜாக்கெட் கொடுக்காதவன் செத்தபிறகு மாலை கொண்டு வருகிறான் பாருங்கள், அவனை மட்டும் எந்த நாளிலும் மேடை ஏற்றக் கூடாது. கேப்டனிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செப்டம்பர் 19

விசாரணை முடிவு வந்தது. "பணியாளரின் கவனக்குறைவு" என்பது இல்லை. உத்தரவின் பேரில் இறங்கினார், பாதுகாப்புச் சாதனங்கள் போதவில்லை என்று இருக்கிறது. யாருக்கும் தண்டனை இல்லை. போதவில்லை என்றால் யாரால் போதவில்லை? தானாகவே போதாமல் போய்விட்டதாம்.

ஒல்லிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னான்.

அக்டோபர் 11

சின்னவளுக்கு இனி வெளியூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி, அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் திரும்பும்போது பஸ் புறவழிச்சாலையில் வந்தது. என் பொண்டாட்டி எப்போதும் அந்த இடத்தில் மடியைப் பார்த்துக்கொள்வாள். இன்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மழை தூறி, பொழுது மங்கிவிட்டது.

நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் மேலேயும் ஜாக்கெட். பஸ்ஸின் வெளிச்சம் பட்டதும் பளீரென்று அடித்தது. சந்தோஷப்படலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் ஒருத்தன் திரும்பினான். முதுகு முழுக்க எழுத்து. ‘உபயம்’ என்று போட்டு அடியில் தலைவர் பேர், பட்டங்களோடு. காவல் என்ற எழுத்து எங்கேயோ இடுப்புக்குக் கீழே. அந்தப் பேர்தான் மின்னுகிறது. செத்தவன் பேரைக் கூப்பிட மனசு வராத ஆள், உயிரோடு இருக்கிறவன் முதுகிலெல்லாம் தன் பேரை எழுதிவிட்டான். "பாத்தியாடி அநியாயத்தை, நம்ம புள்ள செத்ததுல போஸ்டர் ஒட்டியிருக்கான்" என்றேன்.

அவள் கழுத்தைத் திருப்பி, சாவடி மறைகிற வரை பார்த்தாள்.

"மின்னட்டும் விடுங்க. லாரிக்காரனுக்குத் தெரியுதுல்ல."